வெல்லப் பாகும் வறுத்த கடலையும்

கடலை மிட்டாய்க்கு வேண்டியவை மூன்றே பொருள்கள்: நிலக்கடலை, வெல்லம், தண்ணீர். அந்தத் தண்ணீரையும் அடுப்பிலேயே விரட்டிவிட வேண்டும். மிட்டாயில் மிஞ்சும் ஈரம்தான் அது பல்லில் ஒட்டுமா, கடித்ததும் நொறுங்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. செய்முறையில் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

வெள்ளைச் சீனியை ஒதுக்கிவிட்டு, இயற்கை இனிப்புகளைக் கொண்டு வீட்டில் மிட்டாய் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் ஓர் இடத்தில் சறுக்குகிறார்கள். சீனிக்கு எழுதப்பட்ட குறிப்பை எடுத்துக்கொண்டு, அதே அளவுக்கு வெல்லமோ தேனோ போடுகிறார்கள். ஒவ்வொரு இனிப்பும் அடுப்பில் தனக்கென ஒரு குணத்தோடு நடந்துகொள்ளும். முதலில் அந்தக் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கேற்ற மிட்டாயைச் செய்ய வேண்டும்.

நம் கையருகே அதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டியின் கடலை மிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. சுற்றிலும் கரிசல் நிலம், அதில் விளையும் கடலை, கரும்பு வெல்லம். சீனியை நம்பாமல், வெல்லப் பாகை நம்பியே ஓர் ஊர் தன் பெயரை நிலைநாட்டியிருக்கிறது. வீட்டில் செய்வதற்கும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆகவே இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அதற்குத்தான். முடிவில் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த மென்மையான மிட்டாய் ஒன்றும் இருக்கிறது.

எந்த இனிப்பு எதற்கு?

வெல்லத்தில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், அதாவது சீனியில் இருக்கும் அதே சர்க்கரை. அதோடு கொஞ்சம் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும், தாது உப்புகளும், கரும்புச் சாற்றின் பிற பொருள்களும் உண்டு. குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் இருப்பதால் இரண்டு விளைவுகள். முதலாவது நல்லது: பாகு எளிதில் படிகமாகி மணல் மணலாகப் போகாது. சீனிப் பாகில் இதைத் தடுக்க எலுமிச்சைச் சாறு விடுவோம்; வெல்லத்துக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. இரண்டாவது தொல்லை: காற்றில் உள்ள ஈரத்தை அது சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். மழைநாளில் கடலை மிட்டாய் பிசுபிசுப்பது இதனால்தான்.

தேனில் ஃப்ரக்டோஸ் அதிகம். சுக்ரோஸ் 160 பாகை செல்சியஸுக்கு மேல்தான் கருகத் தொடங்கும் என்றால், ஃப்ரக்டோஸ் 110 பாகையிலேயே நிறம் மாற ஆரம்பித்துவிடும். எனவே தேனை மட்டும் காய்ச்சி நொறுங்கும் மிட்டாய் செய்ய முயல வேண்டாம். தண்ணீர் வற்றுவதற்குள் தேன் கசந்துவிடும். அப்படியே தப்பித்து வந்தாலும் ஒரு மணி நேரத்தில் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். மார்த்தாண்டத்துத் தேன் போன்ற நல்ல சரக்கை இப்படிக் காய்ச்சி வீணாக்கவும் கூடாது. மென்மையான மிட்டாயில் ஒரு கரண்டி தேன் சேர்ந்தால் அது வேலைக்கு உதவும், அதோடு நிறுத்திக்கொள்ளலாம். தேன் சேர்ந்த எதையும் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது.

பேரீச்சம்பழ விழுதைப் பாகாகக் காய்ச்ச முடியாது. அதில் நாரும் சதையும் இருக்கின்றன. கடலையோடு இடித்து உருண்டை பிடிக்க மட்டுமே அது பயன்படும். கருப்பட்டியின் சேதியே வேறு. மணத்தில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் இறக்குகிறார்கள். அதனால் கரைத்து வடிகட்டும்போது அடியில் வண்டல் நிற்கும். அதைத் தெளியவைத்து ஊற்றுவது முக்கியம்.

வெல்லம் வாங்கும்போது

மளிகைக் கடையில் 'பாகு வெல்லம்' என்று கேளுங்கள். அதிரசத்துக்கும் கடலை உருண்டைக்கும் தகுந்த வெல்லத்தைக் கடைக்காரர் எடுத்துத் தருவார். எல்லா வெல்லமும் பாகு நிற்காது. பழைய கரும்பிலிருந்து வந்ததும், ஈரம் கோத்ததும், உப்புக் கரிப்பதும் எவ்வளவு காய்ச்சினாலும் உடையும் பதத்துக்கு வராமல் இழுத்துக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட வெல்லத்தைப் பாயசத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

நிறத்தில் மயங்க வேண்டாம். பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஹைட்ரோஸ் இருக்கும். வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளில் நிறத்தை வெளுக்கப் போடும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்டை அப்படித்தான் சொல்வார்கள். செம்பழுப்போ கரும்பழுப்போ போதும். ஒரு துண்டை விண்டு பாருங்கள். உள்ளே சிறு சிறு கண்ணாடித் துகள்போல மின்னினால் சீனி கலந்திருக்கலாம். பாகு மணலாவதற்கு அது ஒரு காரணம். வாயில் போட்டால் இனிப்புக்குப் பின் கரிப்பு தங்கக் கூடாது.

பொடியாக வரும் நாட்டுச் சர்க்கரையிலும் செய்யலாம். அதில் ஈரம் குறைவு என்பதால் கரைக்க ஒரு கரண்டி தண்ணீர் கூடுதலாக விடுங்கள்.

கடலை

இந்த மிட்டாயில் பாதிக்கு மேல் கடலைதான். ஆனாலும் வீட்டில் அதற்குத்தான் குறைந்த கவனம் கிடைக்கிறது.

முதலில் கடலையைத் தாம்பாளத்தில் பரப்பிப் பொறுக்குங்கள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது எதுவும் இருக்கக் கூடாது. ஈரத்தில் கிடந்த கடலையில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வளரும். அது உண்டாக்கும் அஃப்லாடாக்சின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. எனவே ஒரு பருப்பில் சந்தேகம் வந்தால் அதை எடுத்து எறிவதே சரி. காறல் வாடை அடிக்கும் கடலை முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெல்லத்தின் இனிப்பு அந்த வாடையை மறைக்காது.

வறுப்பதற்கு அடி கனமான இரும்பு வாணலி நல்லது. சுத்தமான ஆற்று மணல் கிடைத்தால் சலித்து, சூடாக்கி, அதில் வறுக்கலாம். சூடு நாலாபுறமும் ஒன்றுபோல் ஏறும். மணல் இல்லையென்றால் சிறு தீயில் 12 முதல் 15 நிமிடம் கிண்டிக்கொண்டே இருங்கள். ஓவன் இருப்பவர்கள் 160 பாகையில் 20 நிமிடம் வைத்து, நடுவில் ஒருமுறை புரட்டிவிடலாம். பெரிய தீயில் வறுத்தால் தோல் கருகும். உள்ளே பச்சை வாடை அப்படியே இருக்கும். ஒரு பருப்பை இரண்டாகப் பிளந்து பாருங்கள். உட்பக்கம் வெள்ளை மாறி, இளம் பொன்னிறம் வந்திருக்க வேண்டும்.

ஆறியதும் உள்ளங்கையால் தேய்த்து, முறத்தில் புடைத்துத் தோலை நீக்குங்கள். பருப்பு இரண்டாகப் பிரியும்போது நுனியில் இருக்கும் சின்ன முளையும் உதிரும். அதில் லேசான கசப்பு உண்டு, போகட்டும். பாதிப் பாதியாக உடைந்த கடலையில்தான் பாகு நன்றாகப் பிடிக்கும். ரொம்பப் பொடியாக்கினால் மிட்டாய் இறுகிக் கல்லாகும்.

தோல் நீக்கிய கடலையை மறுபடி வாணலியில் போட்டுக் கை பொறுக்கும் சூட்டில் வைத்திருங்கள். இதைப் பலரும் செய்வதில்லை. ஆறிய கடலையைக் கொதிக்கும் பாகில் கொட்டினால் பாகு சட்டென்று குளிர்ந்து திரளும். கடலை முழுவதிலும் பரவாமல் அங்கங்கே கட்டி கட்டியாக நிற்கும்.

பாகு

அளவு: தோல் நீக்கிய வறுகடலை 300 கிராம், பொடித்த வெல்லம் 200 கிராம், தண்ணீர் 50 மில்லி லிட்டர், சுக்குப் பொடி கால் தேக்கரண்டி, ஏலக்காய் இரண்டு, உப்பு ஒரு சிட்டிகை, தட்டில் தடவ நெய். வெல்லத்தைக் கூட்டினால் தட்டுவது எளிது; கடலையின் ருசி பின்தங்கும். எனக்கு இந்த 3க்கு 2 கணக்கே பிடித்திருக்கிறது.

பாகு வைக்கும் முன்பே தட்டில் நெய் தடவி, பூரிக்கட்டைக்கும் கத்திக்கும் நெய் தடவி, ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து அடுப்படியில் வைத்துவிடுங்கள். பதம் வந்த பிறகு எதையும் தேட நேரம் இருக்காது. சின்னப் பிள்ளைகளை அந்த நேரத்தில் அடுப்புப் பக்கம் விட வேண்டாம். இந்தப் பாகு கொதிக்கும் தண்ணீரைவிட 40 பாகைக்கு மேல் சூடானது. பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளே சுடும். மேலே பட்டுவிட்டால் உடனே குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை எதுவும் தடவாதீர்கள்.

வெல்லத்தையும் தண்ணீரையும் சேர்த்துச் சிறு தீயில் கரையவிடுங்கள். கரைந்ததும் இறக்கி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கரும்புச் சக்கையும் மண்ணும் துணியில் நிற்பதைப் பார்த்தால், பிறகு ஒருபோதும் இந்த வேலையை விடமாட்டீர்கள். வாணலியையும் ஒருமுறை கழுவிவிட்டுப் பாகை மறுபடி ஏற்றுங்கள்.

இனி நடுத்தரத் தீ. இங்கிருந்து கண்ணும் மூக்கும் காதும் மூன்றும் வேலை செய்ய வேண்டும்.

முதலில் பாகு நுரைத்துப் பொங்கும். குமிழ்கள் பெரிதாக, லேசாக, உடனுக்குடன் வெடிக்கும். இது தண்ணீர் வெளியேறும் நேரம். சில நிமிடங்களில் நுரை அடங்கும். குமிழ்கள் சிறுத்து, நெருங்கி, சோம்பலாக எழும்பும். கரண்டியில் எடுத்து விட்டால் கம்பி இழுக்கும். இது கம்பிப் பதம். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுக் கூட்டினால் மெத்தென்று உருளும். இங்கே நிறுத்துவது அதிரசத்துக்கு. அதற்கு மேலே போனால் உருண்டை கெட்டியாகும். பொரிவிளங்காய் உருண்டைக்கு இது போதும். கடலை மிட்டாய்க்கு இதுவும் போதாது.

இன்னும் காய்ச்சுங்கள். நிறம் ஒரு படி ஆழமாகும், பளபளப்பு ஏறும், பச்சை வெல்ல மணம் போய், வறுத்த வாசம் வரும். இப்போது தீயைக் குறைத்துவிட்டு, ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். விரலால் எடுத்துக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். வளைத்தால் வளையாமல் பட்டென்று முறிய வேண்டும். பல்லில் வைத்துக் கடித்தால் ஒட்டாமல் நொறுங்க வேண்டும். மூன்றும் ஒத்துவந்தால் பதம் வந்துவிட்டது. சத்தம் கேட்டும் பல்லில் இழுத்தால் இன்னும் ஒரு நிமிடம் வேண்டும்.

சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு: சர்க்கரைப் பாகின் சூடு அதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பதைக் காட்டும். 118 முதல் 120 பாகையில் பாகில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர் இருக்கும். 150ஐத் தொடும்போது ஒரு விழுக்காடு அளவே மிஞ்சும். சீனிக்கு உடையும் பதம் 149க்கு மேல் என்று நூல்கள் சொல்கின்றன. வெல்லம் அதற்குள் அடிபிடிக்கத் தொடங்கும் என்பதால் 140 முதல் 145க்குள் தண்ணீர்ச் சோதனையைச் செய்து பார்த்து இறக்குவது நல்லது. வெப்பமானி பக்கத்தில் இருந்தாலும் கடைசி வார்த்தை அந்த 'டங்' சத்தத்துக்குத்தான். வெல்லத்துக்கு வெல்லம் கணக்கு மாறும்.

கலப்பது, தட்டுவது, கீறுவது

பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, சுக்கு, ஏலக்காய், உப்பைத் தூவி, சூடான கடலையைக் கொட்டி ஒரே மூச்சில் கிளறுங்கள். நெய் தடவிய தட்டில் கொட்டி, பூரிக்கட்டையால் அழுத்தி, முக்கால் அங்குலத்துக்கு மிகாமல் பரப்புங்கள். இரண்டு மூன்று நிமிடம்தான் அவகாசம். மேற்பரப்பு மங்கத் தொடங்கும்போதே கத்தியால் ஆழமாகக் கீறிவிடுங்கள். ஆறிய பிறகு கீறல் வழியே தானாக உடையும். இறுகிய பின் வெட்டப் போனால் தூளாகத்தான் கிடைக்கும். கோவில்பட்டி மிட்டாயின் மேலே நிறமேற்றிய தேங்காய்ப்பூவைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் அதைச் செய்வதானால் நிறம் இல்லாமல், நன்றாகக் காயவைத்த கொப்பரைத் துருவலை மட்டும் தூவுங்கள். பச்சைத் தேங்காய் ஈரத்தைக் கொண்டுவந்துவிடும்.

உருண்டை பிடிக்க விரும்பினால் பாகை ஒரு படி முன்னதாக இறக்கி, கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு சூட்டோடு பிடியுங்கள். ஒரு ஆள் கிளற, இரண்டு ஆள் பிடித்தால்தான் முடியும்.

சில குறிப்புகள் சமையல் சோடா சேர்க்கச் சொல்லும். சூட்டில் அது வாயுவை விட்டு, மிட்டாயில் நுண்துளைகளை உண்டாக்கும். அதனால் கடிக்க எளிது. பாகு சரியாக வந்திருந்தால் அதன் உதவி வேண்டியதில்லை. வெல்லத்தின் வாசத்தை அது மட்டுப்படுத்துகிறது என்பதால் நான் சேர்ப்பதில்லை.

எள்ளுக்கும் இதே பாகுதான். கழுவிக் காயவைத்து, படபடவென்று பொரியும் வரை வறுத்த எள் 250 கிராமுக்கு வெல்லம் 200 கிராம். தட்டும் கனம் அதில் பாதி போதும். முந்திரியோ பாதாமோ சேர்ப்பதானால் கடலை அளவுக்கு உடைத்துக்கொண்டு, தனித்தனியாக வறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் வறுபட எடுக்கும் நேரம் வேறு.

பிசகினால்

ஆறிய பிறகும் வளைந்தால் பதம் முந்திவிட்டது என்று பொருள். எறிய வேண்டாம். துண்டுகளை வாணலியில் போட்டு, இரண்டு தேக்கரண்டி தண்ணீர் விட்டு, மிகச் சிறு தீயில் இளக்கி, மறுபடி காய்ச்சலாம். கடலை இன்னும் கொஞ்சம் சிவக்கும், அவ்வளவுதான். கசந்தால் பாகு கருகிவிட்டது. அதற்குத் திருத்தம் இல்லை. பாகு மணலாகத் திரண்டால் தண்ணீர் விட்டுக் கரைத்து, அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்து மறுபடி தொடங்கலாம்; கடலை சேர்க்கும் முன்பானால் மட்டும்.

முற்றிலும் ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிடுங்கள். சூடு இருக்கும்போது மூடினால் உள்ளே வேர்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைச் செய்வதானால் சின்னச் சின்னப் பாட்டில்களில் பிரித்து வையுங்கள். ஒன்றைத் திறக்கும்போது மற்றதில் ஈரம் ஏறாது. இரண்டு மூன்று வாரம் மொறுமொறுப்பு குறையாது. அதற்குப் பின் கடலையின் எண்ணெய் மெல்லக் காறத் தொடங்கும்.

எவ்வளவு தின்னலாம்?

வெல்லம் இயற்கையானது என்பதற்காகக் கணக்கில்லாமல் தின்ன முடியாது. மேலே சொன்ன அளவில் 20 கிராம் துண்டு ஒன்றில் ஏறத்தாழ 8 கிராம் வெல்லம், அதாவது இரண்டு தேக்கரண்டி இனிப்பு இருக்கிறது. சுமார் 100 கலோரி. வெல்லத்தில் இரும்புச் சத்து உண்டு என்பது உண்மை. ஒரு துண்டில் கிடைப்பது மிகக் குறைவு. இந்த மிட்டாயின் சத்து கடலையின் புரதத்திலும் நல்ல கொழுப்பிலும்தான் இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாமே ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். 'சீனி போடவில்லை' என்று சொல்லி அவர்களுக்கு நீட்டுவது நாம் செய்யும் கேடு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுக் கடலை தொண்டையில் அடைக்கும். அவர்களுக்குப் பொடித்துத்தான் கொடுக்க வேண்டும். பள்ளிக்கு எடுத்துப்போவதானால், அங்கே கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கருப்பட்டி முந்திரி மென்மிட்டாய்

கேரமல் மிட்டாய் என்றால் பாலும் வெண்ணெயும் சேர்ந்து மெல்லும் பதத்தில் இருப்பதைத்தான் பலரும் நினைப்பார்கள். வெல்லத்தைக் கொதிக்கும் பாலில் போட்டால் பால் திரியும் என்பது பாயசம் வைத்தவர்களுக்குத் தெரியும். தேங்காய்ப்பால் அப்படித் தொல்லை தராது. கருப்பட்டியோடு அதற்குப் பழைய உறவும் உண்டு.

இரண்டு முற்றின தேங்காயின் முதல் பால், கெட்டியாக, 400 மில்லி. கருப்பட்டி 200 கிராம். உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் நல்லது. தேன் ஒரு மேசைக்கரண்டி, உப்பு இரண்டு சிட்டிகை, வறுத்து உடைத்த முந்திரி 100 கிராம்.

கருப்பட்டியைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, பத்து நிமிடம் அசையாமல் வைத்துத் தெளிவை மட்டும் வடிகட்டுங்கள். தேங்காய்ப்பாலோடு சேர்த்து அகலமான உருளியில் ஊற்றி, நடுத்தரத் தீயில் கொதிக்க வையுங்கள். முதல் கால் மணி நேரம் அவ்வப்போது கிளறினால் போதும். திரண்டு வரத் தொடங்கிய பிறகு கையை எடுக்கக் கூடாது. தேங்காய்ப்பால் அடியில் பிடித்தால் புகை வாடை மிட்டாய் முழுதும் பரவும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஓரத்தில் எண்ணெய் பிரிவதைக் கண்டு பதற வேண்டாம். தண்ணீர் வற்ற வற்றத் தேங்காயெண்ணெய் வெளியேறுவது இயல்பு. மிகுதியாக நின்றால் கரண்டியால் வழித்து எடுங்கள், தட்டில் தடவ அதுவே உதவும்.

தேனைக் கடைசி ஐந்து நிமிடத்தில் சேருங்கள். அது இருந்தால் மிட்டாய் நாள் கழிந்தும் மணலாகாமல் மிருதுவாக இருக்கும். 118 பாகை வந்ததும், அல்லது தண்ணீரில் விட்ட சொட்டு உருண்டு நின்று, அழுத்தினால் மட்டும் தட்டையாகும் நிலையில், உப்பும் முந்திரியும் போட்டு இறக்குங்கள். ஒரு அங்குல ஆழத் தட்டில் ஊற்றி, மூன்று நான்கு மணி நேரம் அசைக்காமல் விட்டு, எண்ணெய் தொட்ட கத்தியால் வெட்டுங்கள். துண்டுகளைத் தனித்தனியாக வெண்ணெய்த்தாளில் சுற்றி முனைகளை முறுக்கிவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டாது. வெளியில் நான்கைந்து நாள், குளிர்பெட்டியில் மூன்று வாரம் தாங்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் தின்றால் ருசி மூடிக்கிடக்கும்; கால் மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுக் கொடுங்கள்.